கொங்கணி தியாத்ர் பாடகரின் பிழைப்பு: திரைக்கு முன்னே நாலு நிமிடம்

கேள்வி இதுதான்: கோவாவில் தியாத்ர் என்று ஒரு கொங்கணி நாடகம் உண்டே, அதில் பாடி நடிக்கிறவர்களின் வாழ்க்கை எப்படிப்பட்டது? எங்கே தொடங்குகிறார்கள், எப்படிப் பெயர் எடுக்கிறார்கள், அதை வைத்துப் பிழைக்க முடிகிறதா?

தியாத்ரில் ஒருவரைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் கதையில் வரும் வேடம் அல்ல. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் திரை விழுந்திருக்கும்போது, அதன் முன்னால் நின்று பாடும் பாட்டுதான். அந்தப் பாட்டுக்கும் கதைக்கும் சம்பந்தமே இருக்காது. மேடையில் குடும்பம் பிரிந்து அழுதுகொண்டிருக்கும், திரை விழும், ஒருவர் வந்து முனிசிபாலிட்டி குப்பையைப் பற்றியோ மந்திரி கட்சி மாறியதைப் பற்றியோ பாடிவிட்டுப் போவார். மறுபடி திரை ஏறினால் அழுகை விட்ட இடத்திலிருந்து தொடரும். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படும். கோவாக்காரர்களுக்கோ இந்தப் பாட்டுகள் இல்லாவிட்டால் டிக்கெட் காசு வீண். கதையில் ஒரு வசனம்கூட இல்லாமல், ஒரு ராத்திரிக்கு இரண்டு பாட்டு பாடுவதற்காகவே அழைக்கப்பட்டு, அப்படியே முப்பது நாற்பது வருடம் ஓட்டியவர்கள் உண்டு.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். முதல் தியாத்ர் கோவாவில் நடக்கவில்லை, பம்பாயில் நடந்தது. 1892 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு. நியூ ஆல்ஃபிரட் தியேட்டரில் லூகாசின்யோ ரிபேரோவின் ‘இட்டாலியன் புர்கோ’, அதாவது ‘இத்தாலியப் பையன்’. ஊர் ஊராக வந்த இத்தாலிய ஆப்பரா குழு ஒன்றைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்று தியாத்ர் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். அதற்கு முன் கோவாக் கிராமங்களில் சாகோர், கெல் என்று வெட்டவெளியில் ஆடும் கூத்துகள் இருந்தன. பாட்டும் கிண்டலும் அங்கிருந்து வந்தவை. திரையும், வரைந்த காட்சித் திரைச்சீலையும், டிக்கெட்டும் பம்பாய் நாடகக் கொட்டகைகளிலிருந்து வந்தவை. அதே பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள்தான் சென்னைப் பக்கம் வந்து நம் மேடை நாடகத்தின் திரைச்சீலைக்கும் பாட்டுக்கும் ஒரு வழி காட்டின. ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வந்து கதைக்கு வெளியே நின்று பாடிவிட்டுப் போவதைப் பார்த்தவர்களுக்குத் தியாத்ர் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

லூகாசின்யோவுடன் நடித்தவர்களில் தெற்குக் கோவாவின் மட்காவ் நகரில் போர்தாவைச் சேர்ந்த ஜுவாவ் அகொஸ்தின்யோ ஃபெர்னாண்டெஸும் ஒருவர் (1871–1947). இன்று ‘பாய் தியாத்ரிஸ்ட்’, தியாத்ரின் தந்தை, என்று சொன்னால் அவர்தான். எழுதி, நடித்து, குழு நடத்தி, இதை ஒரு தொழிலாக்கியவர். மட்காவ் ரவீந்திர பவனில் உள்ள முக்கிய அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வழக்கமான தியாத்ரில் ஆறு அல்லது ஏழு பொர்தே இருக்கும். பொர்தோ என்றால் திரை. ஒரு திரை ஏறி இறங்குவது ஒரு அங்கம், சுமார் 15 நிமிடம். ஒவ்வொரு அங்கத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று பாட்டு. மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பாட்டுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: பின்னால் வீட்டுக் கூடத்தைக் கழற்றி ஆஸ்பத்திரி வார்டாக மாற்ற ஆட்களுக்கு எட்டுப் பத்து நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் ஜனம் எழுந்து போய்விடாமல் பிடித்து வைப்பது பாடகரின் வேலை. மேடையில் அவருக்குக் கிடைக்கும் இடம் திரைக்கும் மேடை விளிம்புக்கும் இடையே உள்ள சில அடிதான். அரங்க அமைப்பும் உதவாது, உடன் நடிப்பவர்களும் உதவமாட்டார்கள். ஒரு மைக், கீழே பேண்டு, எதிரே ஆயிரம் முகம்.

இந்தப் பாட்டுக்குக் காந்தார் என்று பெயர், பன்மையில் காந்தாராம். தனியாள் பாடுவது சோலோ. டுயட் என்றால் பெரும்பாலும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும், புருஷன் பெண்டாட்டி சண்டையோ காதல் கிண்டலோ, ஆட்டத்தோடு. டுவோ என்பது இரண்டு குரல் சேர்ந்து பாடும் கனமான பாட்டு. ட்ரியோ, குவார்ட்டெட் இரண்டிலும் குரல்கள் ஒத்திசைவில் போகும். தொடக்கத்தில் குழு மொத்தமும் வந்து பாடுவது ஓப்பனிங் கோரஸ். கதைக்குள்ளேயே வரும் பாட்டுகள் வேறு. அவற்றைத் தியாத்ர் எழுதியவரே எழுதிவிடுவார். திரைக்கு முன்னால் பாடுவதை மட்டும் பாடுகிறவரே எழுத வேண்டும் என்பது எழுதாத விதி. எழுத வராதவர்கள் பிறரிடம் எழுதி வாங்குவதும் நடக்கும், ஆனால் மதிப்பு சொந்தமாக எழுதுகிறவருக்குத்தான்.

காந்தாரின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல குரல் இருந்தும் தோற்கிறவர்கள் தோற்பது இங்கேதான். மூன்று அடி (நம் சரணம் போல), ஒவ்வொன்றுக்குப் பின்னும் கோரஸ். அடிக்கு 16 பார் (பார் என்றால் ஒரு தாள ஆவர்த்தனம்), கோரஸுக்கு 8 பார், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பேண்டு வாசிக்கும் 8 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு-நாலு தாளத்தில் நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் ஒரு பார் 2 வினாடி. ஆக ஒரு சுற்று 64 வினாடி, மூன்று சுற்று 3 நிமிடம் 12 வினாடி. கைதட்டல் அடங்காவிட்டால் திரும்பி வந்து பாட ஒரு அடி கையிருப்பில் இருக்க வேண்டும்; அதையும் சேர்த்தால் நாலேகால் நிமிடம். இந்தக் கையிருப்பு அடியை எழுதாமல் வருகிற புதியவர்கள், ‘ஒன்ஸ் மோர்’ கிடைத்ததும் பாடிய அடியையே மறுபடி பாடுவார்கள். சூடு அங்கேயே இறங்கிவிடும்.

பொருள் மூன்று அடியிலும் நகர வேண்டும். உதாரணத்துக்கு, தெற்குக் கோவாவின் சால்செட் கிராமங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் என்று ஒரு பொருள். முதல் அடியில் கிழவி ஒருத்தி கப்பலில் வேலை பார்க்கும் மகனுக்காகக் காத்திருக்கிறாள் என்று தொடங்கலாம். இரண்டாவதில் மகன் பணம் அனுப்புகிறான், ஓடு மாற்றுகிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள், ஆனால் படுக்க ஆள் இல்லை. மூன்றாவது அடியின் கடைசி இரண்டு வரியில்தான் வீட்டை வெளியூர்ப் பணக்காரனுக்கு விற்றுவிட்டார்கள், அண்ணன் தம்பி பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒன்று சேர்ந்தார்கள், அம்மா செத்தபோது சேரவில்லை என்ற குத்து விழ வேண்டும். அதை முதல் அடியிலேயே சொல்லிவிட்டால் மீதிப் பாட்டுக்கு வேலையில்லை. கோரஸ் மூன்று முறை வருவதால் அதன் சொற்கள் மாறாமல் இருந்து, பொருள் மட்டும் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் மாறித் தெரிய வேண்டும். முதல் தடவை ஆசையாகக் கேட்ட வரி கடைசித் தடவை குத்தலாகக் கேட்டால் எழுதியவர் கைதேர்ந்தவர்.

இன்னொரு பிழை அசை நெருக்கம். சொல்ல நிறைய இருக்கிறது என்று ஒரு பாரில் பத்துப் பன்னிரண்டு அசையைத் திணித்தால் பின்வரிசைக்கு வார்த்தை போய்ச் சேராது. காந்தார் கேட்கிறவர்கள் ராகத்துக்காக அல்ல, வார்த்தைக்காகக் கேட்கிறார்கள். குரல் சுமாராக இருந்தும் உச்சரிப்புத் தெளிவால் நட்சத்திரமானவர்கள் உண்டு. குரல் தேனாக இருந்தும் சொல் மழுங்கினால் சர்ச் திருவிழாவோடு நின்றுவிடுவார்கள். இதில் வட்டார வழக்கும் வரும். தெற்கே சால்செட் கொங்கணி, வடக்கே பார்தேஸ் கொங்கணி, இரண்டுக்கும் ஓசையே வேறு. கேலிப் பாட்டில் மற்றப் பக்கத்துப் பேச்சைப் பாவனை செய்தால் சிரிப்பு நிச்சயம். சோகப் பாட்டில் இரண்டையும் கலந்தால் கெட்டது.

இனி ஒருவர் இதற்குள் எப்படி வருகிறார் என்பது. கோவாக் கத்தோலிக்கக் கிராமங்களில் போர்த்துகீசியர் காலம் தொட்டு சர்ச்சோடு சேர்ந்த பாடசாலை இருந்தது. பிள்ளைகளுக்கு அங்கே ஸ்வரக் குறிப்பு படிக்கவும் வயலின் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுப்பவரை மெஸ்த்ரி என்பார்கள், கண்டிப்புக்குப் பேர் போனவர். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் அந்தோனி கோன்சால்வெஸ், செபாஸ்டியன் டிசோசா போன்ற கோவாக்காரர்கள் அவ்வளவு பேர் இருந்ததற்கு இந்தப் பாடசாலைகளே காரணம். தியாத்ர் பாடகர்களும் பலர் அதே வழியில் வந்தவர்கள். சர்ச் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடிப் பழகினவருக்கு ட்ரியோவில் தன் குரலைப் பிடித்து நிற்பது தண்ணீர்பட்ட பாடு. அடுத்த படி கிராமத்துச் சிலுவைத் திருவிழா, சாப்பல் திருவிழா. அங்கே ஊர்ப் பிள்ளைகள் போடும் சின்ன நாடகத்தில் எட்டுப் பத்து வயதில் மேடை ஏறுவார்கள். பெரிய தியாத்ரிஸ்ட் யாராவது திருவிழாவுக்கு வந்திருந்து காதில் விழுந்தால், அடுத்த நாடகத்தில் சிறுவன் வேடமும் ஒரு பாட்டும் கிடைக்கும்.

மேடைப் பெயர் அப்போதே ஒட்டிக்கொள்ளும். ஃபெர்னாண்டெஸ், ரொட்ரிகஸ், டிசோசா என்று நாலைந்து குடும்பப் பெயருக்குள் பாதிக் கோவா அடங்கிவிடுவதால், போஸ்டரில் ஆளைப் பிரித்துக் காட்ட வேண்டிய அவசியம் இருந்தது. சிறுவயதில் வந்தவர்கள் கிட், யங், மாஸ்டர், ஜூனியர் என்று முன்னால் போட்டுக்கொண்டார்கள். கிட் பாக்ஸர் நரைத்த பின்னும் கிட் பாக்ஸர்தான். சிலர் ஊரைச் சேர்த்தார்கள்: அலெக்ஸின்யோ தெ கண்டோலிம், ஃபிரான்சிஸ் தெ துயெம். சிலர் எழுத்தைச் சுருக்கினார்கள்: செலெஸ்தீன்யோ ஆல்வாரெஸ் சி. ஆல்வாரெஸ் ஆனார். ராயா கிராமத்து மானுவல் அகியாரை எம். போயர் என்றால்தான் தெரியும். ரொசாரியோ ஆல்ஃபிரட் ஃபெர்னாண்டெஸ்தான் ஆல்ஃபிரட் ரோஸ்.

இந்த மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே மேடையில் மூன்று விதமான வாழ்க்கை இருக்க முடியும் என்பது தெரியும். எம். போயர் எழுதுவார், இயக்குவார், சிரிக்க வைப்பார், பாடுவார். சொந்தக் குழு வைத்துத் தன் நாடகத்தைத் தானே போட்டவர். பத்மஸ்ரீ வரை போனவர். சி. ஆல்வாரெஸுக்கு மேடையின் கதாநாயக முகமே சினிமா கதவையும் திறந்தது: 1963-இல் ‘ஆம்செம் நொஷிப்’, 1966-இல் ‘நிர்மோன்’ இரண்டிலும் அவரே நாயகன். ‘நிர்மோன்’ மறு வருடமே இந்தியில் ‘தக்தீர்’ ஆனது, இரண்டையும் இயக்கியவர் ஏ. சலாம். ஆல்ஃபிரட் ரோஸ் (1932–2003) அல்தோனாவைச் சேர்ந்தவர். ‘மெலடி கிங்’ என்று அழைக்கப்பட்ட அவரை முதலில் பாடகராகத்தான் நினைப்பார்கள். மனைவி ரீட்டா ரோஸோடு பாடிய டுயட்கள் இசைத்தட்டிலும் கேசட்டிலும் வீடு வீடாகப் போயின. தியாத்ர் பக்கமே வராத ஜனமும் அவர் குரலை அறிந்திருந்தது.

மூவரின் காலத்திலும் தொழிலின் மையம் பம்பாய்தான். தோபிதலாவ், ஜெர் மஹால் பக்கம் ஒவ்வொரு கோவாக் கிராமத்துக்கும் ஒரு கூட் இருந்தது. கூட் என்பது ஊர்க்காரர்கள் குறைந்த வாடகைக்குத் தங்கும் விடுதி. ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி வைக்க இடம், சாயங்காலம் கட்டாயம் ஜெபமாலை. கப்பலுக்குக் காத்திருக்கும் மாலுமிகள், சமையல்காரர்கள், தையல்காரர்கள், பேண்டு வாசிப்பவர்கள் எல்லோரும் அங்கேதான். ரசிகரும் கலைஞரும் ஒரே கூரையின் கீழ் படுத்ததால், நேற்று பாடிய பாட்டு எப்படி இருந்தது என்று காலையிலேயே காதில் விழுந்துவிடும். பகலில் வேறு வேலை, ராத்திரி பாங்வாடி பிரின்சஸ் தியேட்டர் போன்ற கொட்டகைகளில் தியாத்ர். முழுநேரத் தொழில் என்பது பலருக்கு வெகுகாலம் வாய்க்கவே இல்லை.

லோர்னா கொர்தெய்ரோவின் பாதை வேறு. ‘கோவாவின் குயில்’ என்று சொல்லப்படும் அவர் முதலில் பம்பாய் ஹோட்டல் பேண்டுகளின் பாடகி. மட்காவ்காரரான ட்ரம்பெட் கலைஞர் கிறிஸ் பெர்ரி (1928–2002) ஜாஸ் கற்ற கையால் கொங்கணிப் பாட்டுக்கு இசை அமைத்தார். அந்த இசைக்கு லோர்னாவின் கனத்த குரல் பொருந்தியது. 1971-இல் எச்.எம்.வி. வெளியிட்ட ‘பெப்தோ’ (குடிகாரன்) இன்றும் கோவாக் கல்யாணங்களில் ஒலிக்கிறது. பிறகு இருபதாண்டுக்கும் மேல் மேடையில் அவரைக் காணவில்லை. 1995-இல் மிராமாரில் திரும்பி வந்து பாடியபோது கூட்டம் அலைமோதியது. லோர்னா, கிறிஸ் பெர்ரி இருவரின் பாட்டுகளைக் கோத்து எடுத்த ‘நாசோம்-யா கும்பாசார்’ படத்துக்கு 62-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த கொங்கணிப் படம் உட்பட மூன்று கிடைத்தன. லோர்னாவின் பாட்டும் காந்தாரும் ஒன்றல்ல. அவருடையதில் இசை முன்னால், சொல் பின்னால். ஆட வைக்கும் பாட்டு. தியாத்ர் ரசிகருக்கு அது போதாது, சேதி வேண்டும். அதனால்தான் இசைத்தட்டில் கொடி கட்டிய சில குரல்கள் திரைக்கு முன்னால் நின்று ஜெயிக்கவில்லை.

ஒரு ராத்திரியின் வேலை என்ன என்று பார்ப்போம். பேண்டில் பொதுவாக ட்ரம்பெட், சாக்ஸஃபோன், கீபோர்டு, பாஸ், டிரம்ஸ். முன்பு வயலினும் பியானோவும் இருந்தன. வாசிப்பவர்கள் ஸ்வரக் குறிப்பைப் பார்த்து வாசிப்பவர்கள். ஒரே வாரத்தில் நாலு வெவ்வேறு குழுவுக்கு வாசிக்கிறவர்களும் உண்டு. ஆகவே பாடகர் தன் பாட்டின் குறிப்பை வாத்தியம் வாரியாக எழுதிக் கொண்டுவர வேண்டும். தானே எழுதத் தெரியாதவர் ஒரு இசைக்காரர் முன் பாடிக் காட்டி, காசு கொடுத்து எழுதி வாங்குவார். இங்கே அடிக்கடி நேரும் குளறுபடி ஸ்தாயி, அதாவது பாட்டு எந்தச் சுருதியில் நிற்கிறது என்பது. ட்ரம்பெட் பி ஃபிளாட் வாத்தியம், அதாவது எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். பாட்டு சி மேஜரில் இருந்தால் வாசிப்பவருக்கு டி மேஜரில் எழுதித் தர வேண்டும். ஆல்ட்டோ சாக்ஸஃபோன் ஈ ஃபிளாட், அவருக்கு ஏ மேஜர். கிட்டாரில் பாட்டுக் கட்டினவர்கள் வசதிக்கு ஈ மேஜரில் கட்டிவிடுவார்கள். அதை மாற்றினால் ட்ரம்பெட்காரருக்கு ஆறு ஷார்ப்போடு எஃப் ஷார்ப் மேஜர் வரும். அவர் முகம் சுளிப்பார், விரல் தடுமாறும். அரை ஸ்வரம் இறக்கி ஈ ஃபிளாட்டில் வைத்தால் ட்ரம்பெட்டுக்கு எஃப் மேஜர், ஆல்ட்டோவுக்கு சி மேஜர். எல்லோருக்கும் நிம்மதி, பாடகரின் தொண்டைக்கும் கொஞ்சம் இளைப்பு.

டுயட்டில் இன்னொரு சிக்கல். ஆணுக்குச் சுகமான ஸ்தாயி பெண்ணுக்கு அடிவயிற்றில் விழும், அல்லது உச்சியில் ஏறும். அனுபவசாலிகள் பெண்ணின் அடிக்கு முன்னால் வரும் பேண்டு இடைவெளியில் ஸ்தாயியை மாற்றி எழுதிவிடுவார்கள். கேட்பவருக்கு அது அலங்காரமாகவே தோன்றும்.

ஒத்திகை பெரும்பாலும் முதல் காட்சிக்கு முன்பு ஒன்றிரண்டு நாள்தான், பாட்டுக்குத் தலா சில நிமிடம். முக்கியமாகச் சரி பார்ப்பது நுழைவு, வேகம், முடிப்பு. எட்டு பார் முன்னிசையை எண்ணத் தெரியாமல் ஏழாவது பாரில் நுழைந்துவிடுவது புதியவர்களின் வாடிக்கை. பேண்டு பாடகரைத் துரத்திப் பிடிக்கும்; அதற்குள் முதல் வரி போயிருக்கும், கதை தொடக்கம் யாருக்கும் புரிந்திருக்காது. நல்ல ட்ரம்பெட்காரர் இதைக் காப்பாற்றுவார். வரிக்கும் வரிக்கும் நடுவே அவர் போடும் சின்னச் சின்னச் சங்கதிகள் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை மூடிவிடும். தியாத்ரில் ட்ரம்பெட்காரருக்கு இருக்கும் மரியாதை அதனால் வந்தது. வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், ரும்பா, சா-சா, மார்ச் என்று தாளம் மாற்றி எழுதுவதும் அவசியம். வரிசையாக மூன்று பாடகர்கள் ஒரே நடையில் வந்தால் மூன்றாமவர் மாட்டிக்கொண்டார். எந்த இடைவெளியில் யார் பாடுவது என்பதை முடிவு செய்பவர் இயக்குநர், அதில் மனத்தாங்கல் இல்லாத குழு கிடையாது. நடுப்பகுதி இடைவெளிகள்தான் எல்லோருக்கும் ஆசை: கூட்டம் சூடாகியிருக்கும், வீட்டுக்குப் போக இன்னும் மனம் வந்திருக்காது.

பெண்களுக்கு இந்தப் பாதை வெகுகாலம் அடைபட்டிருந்தது. பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். 1904-இல் ஜுவாவ் அகொஸ்தின்யோ தன் மனைவி ரெஜினா ஃபெர்னாண்டெஸை மேடையேற்றினார். தியாத்ரின் முதல் பெண் கலைஞர் அவரே. புருஷன் கூடவே இருந்ததால் ஊர் வாயை ஓரளவு அடைக்க முடிந்தது. பின்னாளில் ஒஃபேலியா கப்ரால், ஷாலினி மார்தோல்கர் போன்றவர்கள் பெயர் போஸ்டரில் பெரிய எழுத்தில் வந்தது. ஆனால் அரசியல் சோலோ பாடும் பெண்கள் இன்றும் குறைவு, டுயட்டுக்கும் அழுகைப் பாட்டுக்கும்தான் அழைப்பு அதிகம். இது திறமைக் குறைவால் அல்ல, எழுதுகிறவர்கள் ஆண்களாக இருப்பதால்.

அரசியல் பாட்டுதான் தியாத்ரின் காரம். போர்த்துகீசிய சர்வாதிகாரி சலசாரின் ஆட்சியில் கையெழுத்துப் பிரதி தணிக்கைக்குப் போய் வர வேண்டும், ஆகவே குத்தலைக் கதைக்குள் மறைத்து வைத்தார்கள். 1961-இல் கோவா இந்தியாவோடு சேர்ந்த பின் கட்டு அவிழ்ந்தது. மகாராஷ்டிரத்தோடு கோவா இணைவதா என்று 1967 ஜனவரி 16-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது, இணைப்பை எதிர்த்துப் பாட்டுக்காரர்கள் ஊர் ஊராகப் போனார்கள். உல்லாஸ் புயாவின் குரல் அதில் தனித்து நின்றது. 34,021 வாக்கு வித்தியாசத்தில் இணைப்புத் தோற்றது. பாட்டுதான் ஜெயிக்க வைத்தது என்று சொன்னால் மிகை, ஆனால் படிப்பில்லாத வாக்காளரிடம் வாதத்தைக் கொண்டு சேர்த்த வாகனங்களில் அது ஒன்று. இன்றைய பாடகர்கள் பெயர் சொல்லியே பாடுகிறார்கள், கைதட்டலும் அதற்குத்தான் அதிகம். ஆயுள் குறைவு என்பதுதான் தொல்லை. மந்திரி கட்சி மாறினால் போன மாதத்துப் பாட்டு செத்தது. ஒரு தியாத்ர் ஐம்பது காட்சி ஓடினால் அரசியல் சோலோவை நடுவில் இரண்டு மூன்று முறையாவது மாற்றி எழுத வேண்டியிருக்கும். வீடு, மது, தாய் பற்றிய பாட்டுகள் அப்படிக் கெடாது. நீண்டகாலம் நிலைத்தவர்கள் கையில் இரண்டு வகையும் இருக்கும்.

வரும்படி காட்சிக் கணக்கு. குழுத் தலைவர் தியாத்ரைத் தயாரிப்பார். கான்ட்ராக்டர் என்பவர் ஒரு காட்சியை ஒரு தொகைக்கு வாங்கித் தன் ஊரில் அரங்கமோ மைதானமோ பிடித்து, ஜீப்பில் மைக் கட்டி விளம்பரம் செய்து, டிக்கெட் விற்றுக்கொள்வார். கூட்டம் வராவிட்டால் நஷ்டம் அவருக்கு. வந்தால் லாபமும் அவருக்கே. கலைஞருக்கு அன்றைய ராத்திரிச் சம்பளம். எழுத்து ஒப்பந்தம் அபூர்வம், வாய்ச்சொல்தான், ஆகையால் காய்ச்சலில் படுத்தால் வரும்படியும் படுத்துவிடும். தவக்காலத்தில் மேடை ஓய்ந்துவிடும், ஈஸ்டருக்குப் புதுத் தியாத்ர்கள் தொடங்கும். குவைத், பஹ்ரைன், துபாய் கோவாச் சங்கங்களும் இப்போது இங்கிலாந்தில் குடியேறியவர்களும் அழைக்கும் பயணங்களில்தான் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடியும். அங்கே எல்லோரையும் கூட்டிப் போகச் செலவு தாங்காது. ஐந்தாறு பேர் போவார்கள், மீதி வேடங்களை உள்ளூர்க்காரர்கள் கட்டுவார்கள். நடிக்கவும் பாடவும் காமெடி செய்யவும் தெரிந்தவருக்கே முதல் டிக்கெட். பாட மட்டும் தெரிந்தவர் பின்தங்குவது இங்கேதான்.

1970-களில் ரொசாரியோ ரொட்ரிகஸ் போன்றவர்கள் கெல் கூத்தைத் திறந்தவெளியிலிருந்து மேடைக்குக் கொண்டுவந்து, இடையில் நிறுத்தாமல் ஓடும் கெல் தியாத்ராக்கினார்கள். அதில் பாட்டுகள் கதைக்குள்ளேயே வரும், வெளிப்பாட்டுக்கு இடமில்லை. தனிப்பாடகர்களுக்கு அது வயிற்றிலடி. பழைய முறை அழிந்துவிடும் என்று பேசினார்கள், அழியவில்லை. கூட்டம் திரைக்கு முன்னே வரும் பாட்டைத் திருப்பிக் கேட்டது.

சம்பளத்துக்கு வெளியே ஆதரவு உண்டு, ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. தியாத்ர்காரர்கள் எழுதுவது ரோமன் எழுத்தில். 1987-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் கொங்கணி என்றால் தேவநாகரி எழுத்துக் கொங்கணி என்று வரையறுத்துவிட்டது. அதனால் ரோமன் எழுத்தில் வரும் பிரதிகளுக்கு இலக்கிய விருது, பாடத்திட்டம் போன்ற கதவுகள் எளிதில் திறப்பதில்லை. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை. மேடைக்கு மட்டும் கோவாவின் கலை நிறுவனமான கலா அகாடமி 1974 முதல் தியாத்ர் போட்டி நடத்துகிறது. புதுப் பாடகர்கள் கவனிக்கப்படும் இடங்களில் அது ஒன்று. கோவா தியாத்ர் அகாடமி பிரதிகளை அச்சிடுகிறது, காந்தார் பயிற்சியும் போட்டியும் நடத்துகிறது. வயதான கலைஞர்களுக்கு மாநில அரசின் கலா சன்மான் மாத உதவி உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும்போது மேடையேறியதற்கான ஆதாரம் கேட்பார்கள்: துண்டறிக்கை, போஸ்டர், பத்திரிகை விளம்பரம். சம்பளத்துக்கு ரசீதே பார்க்காத தொழிலில் இந்தக் காகிதங்களைச் சேர்த்து வைத்தவர்களுக்குத்தான் வழி. இளம் தியாத்ரிஸ்டுகளுக்குப் பெரியவர்கள் முதலில் சொல்லும் புத்திமதியும் அதுதான்: முதல் துண்டறிக்கையிலிருந்து எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வை, பாட்டு நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே தேதியும் தியாத்ரின் பெயரும் எழுது. பிறர் அந்தப் பாட்டை யூடியூபில் போட்டுத் தன்னுடையது என்று சொல்லும் நாளில், அந்தத் தேதிதான் பேசும்.